தொட்டால் பரவாது, ஒதுக்கினால் பரவும்

எச்.ஐ.வி. கிருமிக்குச் சாதி தெரியாது என்று ஆண்டுதோறும் டிசம்பர் 1-ஆம் தேதி மேடை போட்டுச் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கிருமியிடமிருந்து தப்பிக்கும் வழிகளுக்குச் சாதி நன்றாகவே தெரிகிறது. சோதனை செய்யும் இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அங்கே போக ஒரு நாள் கூலியை விடமுடியுமா, உள்ளே நுழைந்தால் 'வாங்க, உட்காருங்க' என்பார்களா, 'என்னா வேணும் உனக்கு' என்பார்களா, நாம் வீடு திரும்புவதற்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிடுமா? இந்தக் கேள்விகளுக்கு ஊர்த் தெருவில் ஒரு பதிலும் காலனியில் வேறொரு பதிலும் இருக்கின்றன.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. தலித் மக்களிடம்தான் அதிகம் என்று இங்கே வாதிடவில்லை. அப்படிப் பேசுவது, ஏற்கெனவே சுமக்கும் பழிகளோடு இன்னொன்றை நம் தலையில் ஏற்றுவதாகும். நான் சொல்ல வருவது வேறு. இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது, தடுப்பு இருக்கிறது, இலவசச் சோதனை இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் மனிதனிடம் போய்ச்சேர விடாமல் நடுவில் நிற்பது ஒதுக்கிவைத்தல் என்ற பழைய வியாதி. அந்த வியாதியை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. ஆகவே, அதை ஒழிக்கும் பொறுப்பிலும் நமக்குப் பங்கு உண்டு.

முதல் சோதனை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் மாநிலத்தில்தான். 1986-ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைத் திரட்டினார். பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்துவரப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து அந்த ரத்தம் எடுக்கப்பட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் கொண்டுபோய், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நாட்டை எச்சரித்து எத்தனையோ உயிர்களைக் காத்த கண்டுபிடிப்பு அது. அந்த இரு மருத்துவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ரத்தம் கொடுத்த பெண்கள் என்ன ஆனார்கள்? எதற்காக அந்தச் சோதனை என்பது அவர்களுக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் அவர்கள் இல்லை. பிறகு, காப்பகத்தில் இருக்கவேண்டிய காலம் முடிந்தும், கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்கள் வெளியே விடப்படாமல் வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது.

ஏழை மக்களின் நினைவில் இந்த நோய் இப்படித்தான் நுழைந்தது. ரத்தம் எடுப்பார்கள், பிறகு அடைத்துவைப்பார்கள். 'விழிப்புணர்வு இல்லாததால் மக்கள் சோதனைக்கு வருவதில்லை' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விழிப்போடு இருப்பதால்தான் பலர் வருவதில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். வந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள்.

மையம் இருக்கிறது, வழி இருக்கிறதா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் நூறு பேரில் ஏறத்தாழ 29 பேர் பட்டியல் சாதியினர். நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, முந்திரிக்காட்டு வேலை, செங்கல் சூளை, நெய்வேலியில் ஒப்பந்த வேலை என்று உடலுழைப்பை நம்பி வாழ்பவர்களே இவர்களில் பெரும்பாலோர். இங்கே வேலை இல்லாத மாதங்களில் சென்னைக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் தகரக் கொட்டகையில் தங்குகிறார்கள். அங்கே நோய் பற்றிப் பேச யாரும் இல்லை. ஆணுறை வாங்கக் கடைக்குப் போனால் ஒருவிதமாகப் பார்க்கிறார்கள். உடம்புக்கு வந்தால் போக, தெரிந்த மருத்துவமனை இல்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை 1994-லேயே தொடங்கி மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியது தமிழ்நாடு. கூட்டு மருந்து சிகிச்சை எனப்படும் ஏ.ஆர்.டி. மருந்தை மத்திய அரசு 2004 ஏப்ரல் 1 முதல் இலவசமாகத் தரத் தொடங்கியபோது, அது கிடைத்த முதல் இடங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயர்ப்பலகையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே சோதனைக்குக் காசு இல்லை. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும். முடிவு உங்களிடம் மட்டுமே சொல்லப்பட வேண்டும்.

ஏட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. நடப்பில், மையம் திறந்திருக்கும் நேரம் நடவுப் பெண்ணும் சித்தாளும் வேலையில் இருக்கும் நேரம். தொலைவான கிராமத்திலிருந்து மருத்துவமனைக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போய்விடும், பேருந்துச் செலவு தனி. மையத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பக்கத்தில் இருக்கும் மையத்தை விட்டுவிட்டு, வேறு ஊருக்கு, சில நேரம் வேறு மாவட்டத்துக்கே போய் மருந்து வாங்குகிறார்கள் சிலர். காசு இருப்பவர் அப்படிப் போய்த் தன் மானத்தைக் காத்துக்கொள்ளலாம். கூலிக்காரர் என்ன செய்வார்? சோதனைக்கே போகமாட்டார். அல்லது நடுவிலே மருந்தை நிறுத்திவிடுவார்.

மருந்தை நிறுத்துவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். முன்பு போலக் கை நிறைய மாத்திரை இல்லை. இப்போது பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமியின் அளவு, கருவியே கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூட நோய் அடுத்தவருக்குப் பரவாது என்பதை மருத்துவ உலகம் உறுதிசெய்திருக்கிறது. கருவுற்ற பெண்ணுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால், நூறில் 15 முதல் 45 குழந்தைகள் வரை கிருமி தொற்றும் வாய்ப்பு உண்டு. முறையாக மருந்து கொடுத்தால் அதை ஐந்துக்கும் கீழே கொண்டுவர முடியும். ஆக, சிகிச்சையே இன்று தடுப்பாகவும் ஆகிவிட்டது. ஒருவரை மையத்திலிருந்து விரட்டும் ஒவ்வொரு சொல்லும் அவர் வீட்டுக்குள்ளே நோயை அனுப்பிவைக்கிறது.

சாத்தூர் சொன்ன பாடம்

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர் 2016-லேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே அவர் ரத்தத்தில் கிருமி இருப்பது தெரியவந்தும், அந்தச் சேதி அவருக்குப் போய்ச்சேரவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்துகொண்டபோதுதான் அவருக்கே தெரிந்தது. தெரிந்த உடனே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னவரும் அவர்தான். சில நாட்களில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவருக்குப் பிறந்த குழந்தைக்குக் கிருமி தொற்றவில்லை. மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் நேர்மையாக உண்மையைச் சொன்ன அந்த இளைஞரைக் காப்பாற்ற மருந்தால் முடியவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் விட்டதும், பிறகு நாடே பேசும் செய்தியானதும் அவர் கதையில் சேர்ந்தே நடந்தன. ரகசியம் காப்பது என்பது சடங்கு அல்ல. ஒருவரைப் பற்றிய உண்மை முதலில் அவருக்கே உரியது. அவர் அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் உரியதல்ல.

குப்பையில் கிடக்கும் ஊசி

எச்.ஐ.வி. தடுப்பு என்றால் பாலியல் ஒழுக்கம் பற்றிய போதனை என்றே பலரும் நினைக்கிறார்கள். அதில் மறைந்துபோகும் இன்னொரு கூட்டம் உண்டு. அது தூய்மைப் பணியாளர் கூட்டம். அவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பந்தியில் யாரிடமும் சாதி கேட்பதில்லை. தைப்பூசத்தன்று சோதி தரிசனத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். மறுநாள் காலையில் அந்தத் தெருக்களைக் கூட்டி அள்ளுபவர்களின் கைகளைப் பாருங்கள். எத்தனை கைகளில் தடித்த உறை இருக்கிறது? பேரூராட்சியாக இருந்த வடலூர் 2021-இல் நகராட்சி ஆகிவிட்டது. வீடுகளில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்ட ஊசி, உடைந்த பிளேடு, ரத்தம் பட்ட பஞ்சு எல்லாம் சோற்றுக் குப்பையோடு ஒரே பையில்தான் வருகின்றன. மருத்துவமனைகளில் கழிவு அள்ளும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. அது குறைவுதான், பீதி வேண்டாம். ஆனால் அதே ஊசியால் மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி தொற்றும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. எச்.ஐ.வி.க்கும் அவசரத் தடுப்பு மருந்து இருக்கிறது. ஊசி குத்தினால் அந்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரத்திலேயே மருந்து தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பயன் இல்லை. தொடங்கியவர் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

இந்தப் பத்தியைப் படிக்கும் நண்பர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு தூய்மைப் பணியாளரிடம் இதைக் கேட்டுப்பாருங்கள்: 'இப்படி ஒரு மருந்து இருப்பதை உங்களிடம் யாராவது சொன்னார்களா?' பதில் உங்களுக்கே புரியவைக்கும். எச்.ஐ.வி. சட்டம் இதைக் கருணையாக விடவில்லை. மருத்துவமனைகளும், தொழிலால் தொற்று ஏற்படும் ஆபத்து அதிகமுள்ள மற்ற நிறுவனங்களும் பாதுகாப்புக் கருவிகளையும் பயிற்சியையும் இந்த அவசர மருந்தையும் தம்மிடம் வேலை செய்பவர்களுக்குத் தரவேண்டும் என்று அதன் 19-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது.

நம் தெருவிலும் ஒரு தனிக்குவளை

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே பார்த்துச் சொன்னது. இனி உள்ளே பார்க்க வேண்டும். டீக்கடையில் தனிக்குவளை வைத்தவனோடு நாம் சண்டை போட்டோம். கிணற்றிலும் கோயிலிலும் சுடுகாட்டுப் பாதையிலும் உரிமை கேட்டோம். தொட்டால் தீட்டு என்றவனை நீதிமன்றத்தில் நிறுத்தினோம். அதே நாம், நம் காலனியில் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் என்ன செய்கிறோம்? தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கத் திண்ணை. குழந்தையைப் பால்வாடியில் மற்றக் குழந்தைகளோடு விடாதே என்கிறோம். செத்துப்போனால் பிணத்தைக் குளிப்பாட்டக் கை நீளாத சாவு வீடுகளும் உண்டு. சேர்ந்து சாப்பிடுவதால், ஒரே குளத்தில் குளிப்பதால், தொடுவதால், கொசு கடிப்பதால் இந்தக் கிருமி பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, சோதிக்காத ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்ற நான்கு வழிகளைத் தவிர வேறு வழி இல்லை. பின் எதற்காக அந்தத் தனி டம்ளர்? அது மருத்துவம் சொன்னது அல்ல. சாதி நமக்குக் கற்றுக்கொடுத்தது.

இதில் மிகவும் அடிபடுபவர் பெண். கருவுற்றபோது செய்யும் சோதனையில்தான் பல பெண்களுக்கு விஷயமே தெரியவருகிறது. கிருமி கணவனிடமிருந்து வந்திருக்கும். முதலில் சோதனை செய்துகொண்டவள் அவள் என்பதால், பழி அவள் மேல் விழும். கணவன் இறந்ததும், இருக்கும் இரண்டு சென்ட் இடத்திலிருந்தும் வெளியேறு என்பார்கள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி.கௌசல்யா, திருமணத்தின் வழியே தனக்குக் கிருமி வந்ததை மறைக்காமல் சொல்லி, தன்னைப் போன்ற பெண்களுக்காக 1998-இல் ஒரு கூட்டமைப்பையே தொடங்கினார். எல்லாப் பெண்களாலும் அப்படி மேடை ஏற முடியாது. ஏற வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. சொந்த வீட்டில் நிம்மதியாக மாத்திரை போட்டுக்கொள்ள விட்டால் போதும். தலித் குடும்பங்களில் பிறந்த திருநங்கையர் நிலை இன்னும் கடினம். ஊரும் ஒதுக்குகிறது, வீடும் ஒதுக்குகிறது, சிகிச்சைக்குப் போன இடத்திலும் பார்வை மாறுகிறது.

சட்டம் கையில் இருக்கிறது

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது. நோயைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதையும் மறுக்கக்கூடாது. கிருமி இருக்கும் பெண்ணைக் குடும்ப வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மேல் வெறுப்பைத் தூண்டினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகார்களை விசாரிக்க மாநில அரசு குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும். அவர் 30 நாட்களுக்குள் உத்தரவு தரவேண்டும். மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள்.

சட்டத்தை எழுதினால் மட்டும் தீண்டாமை போய்விடாது என்பதும் நமக்குத் தெரிந்ததே. நம் காட்டுமன்னார்கோயில் மண்ணிலிருந்து போன எல்.இளையபெருமாள் தலைமையிலான குழு, தீண்டாமை எங்கே எந்த வடிவில் நடக்கிறது என்று நாடு முழுதும் பதிவு செய்து 1969-இல் அறிக்கை தந்தது. அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துப் பத்தொன்பது ஆண்டுகள் ஆன பிறகும் அப்படி ஓர் அறிக்கை தேவைப்பட்டது. இன்று எச்.ஐ.வி.யின் பெயரால் நடக்கும் ஒதுக்கலையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். பெயர்களை வெளியிடாமல், நடப்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

செய்யவேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. நம்பிக்கை மையங்கள் வாரத்தில் ஒரு நாளாவது மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும். நடமாடும் சோதனை வாகனம் காலனிக்கு வரும்போது எச்.ஐ.வி. என்று மட்டும் எழுதிக்கொண்டு வராமல், சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. நிலையாக மருந்து சாப்பிடும் கூலித் தொழிலாளிக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகத் தரவேண்டும். கடலூர் மாவட்டத்தின் ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் தூய்மைப் பணியாளர் அனைவருக்கும், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களையும் சேர்த்து, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட வேண்டும். ஊசி குத்தினால் எங்கே போவது என்பதை அவர்கள் வருகைப் பதிவு செய்யும் இடத்தில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. வீட்டில் ஊசி போடுபவர்கள் அதை மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, தனியாகச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்து நில்லுங்கள். கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் இருக்கிறது. டிசம்பரில் ஒரு பேரணியோடு அதை முடித்துவிடாமல், சிதம்பரம், கடலூர், விருத்தாசலம் கல்லூரி மாணவர்கள் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குப் போய்ப் பேசுங்கள். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, படிப்பு நம்மைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். மனம் உடைந்து போனவர்கள் 104-ஐ அழைக்கலாம்.

கட்சிக் கூட்டங்களில், சங்கக் கூட்டங்களில் இதைப் பேசினால் மானக்கேடு என்று நம் தலைவர்கள் சிலர் நினைக்கிறார்கள். நோய் வருவதில் மானக்கேடு எதுவும் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாத்திரையைச் சாப்பிட ஒருவர் ஊர் விட்டு ஊர் ஒளிந்து போகவேண்டியிருப்பதுதான் நமக்கு மானக்கேடு. தீண்டாமைக்கு எதிராக முதலில் பேசியவர்கள் நாம். அந்தப் பேச்சு நம் தெருவில் மருந்து சாப்பிடும் அந்த ஒருவருக்காகவும் ஒலிக்க வேண்டும்.